மென்று துப்பியவர்

என் தங்கை வீட்டுக்காரர் சாப்பிடுவதை ஒருமுறை பார்த்தவர்கள், மறுமுறை அவர் எதிரில் இலை போட்டு உட்காரமாட்டார்கள். நான் முதலில் பார்த்தது ஒரு காதுகுத்து விருந்தில். கறித்துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். அப்புறம் இடது கையில் வைத்திருந்த கறுப்பு கேரி பேக்கை வாய்க்கு நேரே தூக்கி, மென்றதையெல்லாம் அதற்குள் துப்பினார். அடுத்த துண்டை எடுத்தார். மறுபடி மெல்லல், மறுபடி துப்பல். எதிரில் இருந்த நான் சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா தம்பி, வாய்ல கல்லு கில்லு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ருசி நாக்குலதானே கீது? உள்ள போனாதான் கலோரி. இப்டி துன்னா ருசியும் பாத்தாச்சு, கணக்கும் ஏறாது" என்றார்.

சொல்லிவிட்டு அந்தப் பையைப் பந்தி மேசையின் மேல், எங்கள் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே இருந்தது வெளியே தெரியாது என்றாலும் பை ஈரமாக ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். இன்றைக்கும் யாராவது கறுப்பு கேரி பேக்கில் எதையாவது வாங்கி வந்தால் வாசலிலேயே வைக்கச் சொல்லிவிடுவேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது அவர் எங்களுக்கு உறவும் இல்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பிரித்து வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. 'அவன்' என்று எழுதத்தான் கை துடிக்கிறது. மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று உபசரித்துப் பழகிய தோஷம், 'அவர்' என்றே வந்து தொலைக்கிறது.

கல்யாணத்தின்போது ஆள் நல்ல குண்டு. ஆரம்பாக்கம் பஜாரில் எனக்குத் தையல் கடை. ரிசப்ஷனுக்கு வாங்கிய ரெடிமேட் கோட்டு அவருக்கு முதுகில் சேரவில்லை என்று நான்தான் வேறு துணி வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். அவர் ஊரான சுண்ணாம்புக்குளத்தில் அவருக்குப் 'பீப்பா' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் அவரே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நண்டுக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் சதையை முழுசாக எடுத்து என் தங்கையின் தட்டில் வைப்பார். உடைந்த ஓட்டைத்தான் அவர் உறிஞ்சுவார். அந்த மனிதரை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே எடுத்த மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வந்துவிட்டன. எடையைக் குறை, தினமும் நட, எண்ணெய்ப் பலகாரத்தை விடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் இவர் டாக்டர் சொன்னதோடு நிற்கவில்லை. போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொண்டார். தின்பதையெல்லாம் அதில் சொன்னால் எத்தனை கலோரி என்று அது சொல்லும். ஓடினால் எத்தனை எரிந்தது என்றும் சொல்லும். அன்றிலிருந்து அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு. முகம் எப்போதும் போனுக்குள்ளேதான்.

கார்டியோ என்று அவர் சொன்னபோது எங்கள் ஊரில் அது இதயத்துக்குச் செய்யும் ஆபரேஷன் என்று பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். ஏரிக்கரைச் சாலையில் ஓடுவதுதான் கார்டியோ என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கம் ஒருவன் ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான், இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்று ஓடுவான். மீன் கூடையோடு நடந்துபோகும் பெண்கள், "நில்லுபா, யாரு தொரத்துறாங்கன்னு சொல்லு, நாங்க பாத்துக்கறோம்" என்று கத்துவார்கள். அவர் நிற்கமாட்டார். நின்றால் நெஞ்சு அடிக்கிற கணக்குக் கெட்டுவிடுமாம்.

அதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. கொளுத்துகிற வெயிலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவார். அதுதான் தாங்கவில்லை. வியர்வை அதிகம் போனால் சீக்கிரம் இளைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஊரிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஓடியே வருவார். வாசலில் கழற்றலாம் அல்லவா? மாட்டார். கூடத்துக்கு நடுவில் வந்து நின்று கோட்டை உரிப்பார். கைப்பகுதிகளில் தேங்கியிருந்த வியர்வை மொத்தமும் தரையில் கொட்டும். அதைக் காலால் இழுத்துக் காட்டி, "பாருங்கக்கா, அத்தினியும் கொழுப்பு" என்பார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பினாயில் போட்டு மூன்று தடவை துடைத்தாலும் அந்தப் புளித்த வாடை சாயங்காலம் வரைக்கும் போகாது. அம்மா அந்த இடத்தில் பாய் விரிப்பதையே விட்டுவிட்டாள்.

எடை பார்க்க அவருக்கு வசதி, அவர் ஊர் இறால் ஏஜென்ட்டின் மெஷின். ஏரியில் பிடித்த இறாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கும் கொட்டகை அது. அந்த மெஷின் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்பது ஊருக்கே தெரியும். வேறு வழியில்லாமல் அங்கேயே போடுகிறார்கள். இவர் காலையில் ஓடி முடித்து, பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கும்போது முன்னால் போய் அதன்மேல் ஏறி நிற்பார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுவார்.

"அதுல வெச்சா எங்க எறாலே எளைச்சிப் பூடுது. நீ எளைக்கமாட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். கொட்டகையே சிரித்தது. அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. கம்பெனியில் வேறு மெஷினில் ஏறிப் பார்த்து எடை கூடுதலாக இருந்தபோது, கம்பெனி மெஷின் ரிப்பேர் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தார்.

தன் வாயோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். மற்றவர்கள் தட்டில் இருப்பதற்கும் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். யார் எதை எடுத்தாலும் அவர் உதடு அசையும். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை தன் பிறந்தநாள் கேக்கை வாயருகே கொண்டுபோனபோது எண்ணைச் சொல்லிவிட்டார். அது என்னவோ ஏதோ என்று பயந்து கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டது. அதன் அம்மா அவரைப் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவே இல்லை.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஏரியில் ஒவ்வொரு இடத்திலும் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தால் நைனா விடிய விடிய இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். அப்படி ஒரு நாள் நின்றுவிட்டு வந்து, விரலெல்லாம் வெளிறிச் சுருங்கிப்போன கையால் பழைய சோற்றை அள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாமா, இந்தத் தட்டு எழுநூறு தாண்டும்."

"இன்னா எழுநூறு?"

"கலோரி மாமா."

"அப்போ இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா. ஆயிரமா ரவுண்டா பூடட்டும்" என்றார் நைனா அம்மாவிடம். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "எரிக்கணும் எரிக்கணும்னு ரோட்ல ஓடுறியே நைனா, வந்து எங்கூட வலைய இழுக்கறது? ரெண்டு வேலையும் ஆவும்ல" என்றார். பெற்ற பிள்ளையைப்போல அவரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"அது கார்டியோ ஆவாது மாமா. நீங்க இழுக்கறீங்க, நிக்கறீங்க, பீடி புடிக்கறீங்க. நெஞ்சு ஒரே சீரா அடிக்கணும்."

நைனா தட்டுப் பக்கம் திரும்பினார். கருவாட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் எங்கள் சிரிப்பு நின்றது. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்து போட்டாள் அம்மா. பூண்டு, நல்லெண்ணெய் எதிலும் குறை வைக்கவில்லை. தங்கை முகம் தெளிந்து, கன்னம் உப்பி, பார்க்க அழகாக இருந்தாள். குழந்தையும் அப்படியே. பார்க்க வந்த மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னாக்கா, டெலிவரி ஆயும் வயிறு அப்டியே கீது? இப்டியே விட்டா அவளுக்கும் எனக்கு வந்த மாதிரி சுகர் வரும்" என்றார். ஐந்தாம் மாதம்தான் அனுப்புவது எங்கள் வழக்கம். இவர் அதற்கு வெகு முன்பே வந்து, தன்னால் தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு விஷயம் தெரியவந்தது ஜாக்கெட்டால். பால் கொடுக்கிற பெண்கள் ஜாக்கெட்டைப் பிரித்து விட்டுக்கொடு என்று கொண்டுவருவார்கள். என் தங்கை தொளதொளக்கிறது, பிடித்துக்கொடு என்று அனுப்பினாள். பிடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே ஜாக்கெட் திரும்பி வந்தது. மறுபடியும் பிடித்தேன். மூன்றாவது தடவை வந்தபோது மெஷினில் வைக்கவே மனசு வரவில்லை. நைனா அன்று கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்து, தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மீன் கிழங்கான். விரல் நீளத்தில் வெள்ளையாக இருக்கும், சதை பூவாக உதிரும். குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுவதும், காய்ச்சலில் கிடந்தவருக்குக் கொடுப்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் போடுவதும் இந்த மீன்தான். எங்கள் வாயில் அது கெளங்கா.

தங்கை கதவைத் திறந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. தூக்கைத் திறந்ததும் அவள் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். கையை நீட்டுவதற்குள் மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"இன்னா கொழம்புக்கா?"

"கெளங்கா."

போனை வாயருகே பிடித்து, "கெளங்கா கொழம்பு" என்றார். போனுக்கு எங்கள் ஊர் மீனெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அது 'கிழங்கு குழம்பு' என்று எழுதிக்கொண்டு, அதற்கு ஒரு கணக்கைக் காட்டியது. அவர் முகம் சுருங்கியது.

"வேணாங்கா. மாவுச்சத்து ரொம்ப ஜாஸ்தி. இவளுக்கு ஆவாது."

"தம்பி, இது மீனு. முள்ளு கீது பாரு. கிழங்குல முள்ளு இருக்குமா?"

"மீனுதான், இல்லன்னு சொல்லலயே. ஆனா ஆப்ல கிழங்குன்னுதான் வருது. பெரியவங்க சும்மாவாக்கா கெளங்கான்னு பேர் வெச்சிருப்பாங்க? உள்ள அந்தச் சத்து கீது. அதாங்கா."

பிறந்ததிலிருந்து இந்த மீனைத் தின்று வளர்ந்த ஆள். அப்பன் பாட்டன் எல்லாரும் ஏரியில் வலை போட்டவர்கள். அந்த வாயால் இப்படிச் சொன்னார். எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. அத்தோடு விட்டாரா? தூக்கிலிருந்து ஒரு மீனை எடுத்தார், முள்ளைத் தள்ளினார், வாயில் போட்டு ரசித்து மென்றார். போய் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். "ருசியாத்தான் கீதுக்கா" என்று சொல்லி, தூக்கை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பசியோடு நின்ற என் தங்கை அந்தத் தொட்டியைப் பார்த்தாள். அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த ஆளைத் தொட்டுப் பேசியிருக்கிறோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று இன்னொன்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். போனில் ஓடுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டு தங்கை நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும். குதித்தாள். தூளியில் குழந்தை வீறிட்டது. அந்த அழுகைக்கு அவள் நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து இரண்டு இடத்தில் நனைந்தது. அவள் கண்ணால் கெஞ்சினாள். "இன்னும் கொஞ்சம்தான், நிறுத்தாத, நெஞ்சு அடிக்கறது எறங்கிடும்" என்றார் அவர்.

"குழந்த பசியில கத்துது தம்பி!" என்று நான் கத்தினேன்.

"குடுப்பாக்கா, முடிச்சிட்டுக் குடுப்பா. பால் குடுக்கறதுகூட கார்டியோ மாதிரிதான், தெரியுமா? அதுலயும் கலோரி எரியுது. ஆப்ல அதுக்குன்னே தனியா கீது. அதனால அடிக்கடி குடுக்கச் சொல்லிருக்கேன்."

"குடுத்தா போதுமா? குழந்தைக்கு வயிறு நெறையுதா?"

"எந்நேரமும் வாய வெச்சிக்கினுதானே கீது? இன்னா கொறைச்சல்?"

இவளுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, இவள் உடம்பிலிருந்து பாலை எடுத்து, அதையும் எரித்த கணக்கில் சேர்த்துக்கொள்கிற மனிதனிடம் எதைப் பேசுவது? நான் தங்கை கையைப் பிடித்து, வா போகலாம் என்றேன். "நீ போக்கா. அடிக்கறாரா, குடிக்கறாரா? எம் நல்லதுக்குதானே சொல்றாரு" என்றாள். அவள் நம்பித்தான் சொன்னாள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தைகளுக்கு எடை போடுவார்கள். அந்த மாதம் நானும் போனேன். மாப்பிள்ளை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தாய்க்கும் எடை பார்ப்பார்கள் அல்லவா, அதற்காக. தங்கை மெஷினில் ஏறினாள். இவர் எண்ணைப் போட்டோ எடுத்தார். பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து போனில் ஏற்ற ஆரம்பித்தார்.

அதற்குள் டீச்சர் குழந்தையைத் துணித் தொட்டிலில் வைத்துத் தராசில் தொங்கவிட்டார். முள்ளைப் பார்த்தார். தொட்டிலை நிறுத்தி மறுபடி பார்த்தார். சுற்றி நின்ற தாய்மார்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கொறைஞ்சிருக்குதே" என்றார் டீச்சர்.

"சூப்பர் டீச்சர்!" என்றார் இவர், நிமிராமலே, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி.

தாய்மார்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அதன் பிறகுதான் அவர் தலையைத் தூக்கினார். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

"நான் பாப்பாவச் சொன்னேன் சார்" என்றார் டீச்சர்.

"நான்... இவளச் சொல்றீங்கன்னு நெனச்சேன்..."

குழந்தை பிற்பாடு தேறிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றே இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அது எங்களுக்குத் தெரியாது. தொட்டிலில் கிடந்த குழந்தையின் தொடையில் தோல் மடிந்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

"இன்னாம்மா சாப்புடற நீ?" என்று டீச்சர் தங்கையைக் கேட்டார். அவள் வழக்கம்போல் பதில் சொல்லும் முன் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாள். அவரே சொன்னார்: "எல்லாம் கரெக்டா குடுக்கறேன் டீச்சர். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். ஒண்ணுகூட தாண்டவிடறதில்ல."

 டீச்சர் உள்ளே போய், சத்துமாவில் பிடித்த உருண்டைகளை ஒரு தட்டு நிறைய எடுத்துவந்து தங்கை முன்னால் வைத்தார். தங்கை குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தாள். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் மூடிப் பால் கொடுத்தாள். மற்றொரு கையால் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏய், அதுல வெல்லம் கீதுடி..." என்று ஆரம்பித்தார்.

அவள் விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவரையே பார்த்துக்கொண்டு தின்றாள். அவர் உதடு அசைய ஆரம்பித்தது. மூன்றாவதையும் வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசினாள். அதுவரைக்கும் அவரை நீங்க, வாங்க என்று மட்டுமே பேசிப் பழகியவள்.

"எண்ணிக்கினியா? இத எம் பேர்ல ஏத்தாத. நான் துன்னல. பாப்பா துன்னுது. அவ பேர்ல எழுது."

அவர் போனைப் பார்த்தார். கட்டைவிரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். குழந்தை பெயரில் எழுத அதில் இடம் இருக்கிறதா என்று அந்த மனிதர் நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார்.